முதல் பக்கத்தில் வந்த ஆடுகள் என்னுடையவை அல்ல

ஸ்லெட்டமோ பண்ணை,
க்ரான்வாஸ் மேல்கரை,
அக்டோபர் 14

'க்ரான்வாஸ் குரல்' ஆசிரியர் சின்னோவே அம்மையார் அவர்களுக்கு,

மேல்கரையில் ஆடு வளர்க்கும் ஓட்வார் ஸ்லெட்டமோ மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி குன்வோரும் நாயும் நலம். தங்கள் நலமும் தங்கள் கணவருடைய முழங்காலின் நலமும் அறிய ஆவல். நான் தங்கள் பத்திரிகைக்குப் பல வருடச் சந்தாதாரர். மரண அறிவிப்பு முதல் கடமான் வேட்டைச் செய்தி வரை ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் அதை அடுப்பு பற்றவைக்க எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதுவரை ஒரே ஒரு தடவைதான் தங்களுக்கு எழுதியிருக்கிறேன். அதுவும் வைக்கோல் கட்டும் இயந்திரம் விற்பனைக்கு என்ற விளம்பரம். அது நல்லபடியாக விற்றுப்போனது, அதற்கு நன்றி.

விஷயம் என்னவென்றால், செப்டம்பர் கடைசி வார இதழின் முதல் பக்கத்தில் பக்கம் கொள்ளாத அளவுக்கு ஒரு வண்ணப்படம் போட்டிருந்தீர்கள். வாசகர்களுக்கான இலையுதிர் காலப் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு. கீழே, 'மேல்கரை ஓட்வாரின் மந்தை மலையிலிருந்து வீடு திரும்புகிறது' என்று எழுதியிருந்தது. ஓட்வார் நான்தான். மலையும் எங்கள் மலைதான். மந்தை என்னுடையது அல்ல. அதாவது அதில் பாதிக்கும் குறைவு என்னுடையது. மீதி என்னுடையதும் இல்லை, பக்கத்துப் பண்ணைக்காரருடையதும் இல்லை, யாருடையதும் இல்லை. அப்படிப்பட்ட ஆடுகள் இந்த உலகத்திலேயே கிடையாது. இதைத் தாங்கள் அடுத்த இதழில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் தெளிவாகப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

படம் எடுத்தவர் ஹ்யால்மார். குன்வோரின் அண்ணன். அவரைத் தாங்கள் அறிவீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் கார் ஓட்டுகிற எல்லோரும் அறிவார்கள், ஓட்ட முடியாமல் போனவர்கள் இன்னும் நன்றாக அறிவார்கள். ஓய்வு பெறும் வரை ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தார். சொந்தத் தங்கையையே இரண்டு தடவை தேறவில்லை என்று அனுப்பிய மனிதர். இரண்டாவது தடவை குன்வோர் தேர்வு முடிந்த கையோடு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, காப்பியும் குடித்துவிட்டு, 'வளைவுல கண்ணாடியப் பாக்கல குன்வோர்' என்றார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வருடம் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து நான் டிராக்டரைப் பின்னால் எடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேமரா வாங்கினார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கேமராவோடு நின்றிருந்தால் நான் இன்று தங்களுக்கு எழுத வேண்டியிருந்திருக்காது. நூலகத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணினியில் படத்தைத் திருத்துவது எப்படி என்று ஒரு வகுப்பு நடந்தது. அதில் போய்ச் சேர்ந்தார். போன இலையுதிர் காலத்தில் எங்கள் வீட்டுப் பின்னால் எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஏரி, கரையில் பிர்ச் மரங்கள், மேலே மலை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதுவோ குறைகிற மாதிரி எனக்குப் பட்டது.

'மச்சான், இதுல கரண்டு கம்பம் எங்க?'

'எடுத்துட்டேன்.'

'எடுத்துட்டீங்களா? எங்க வச்சீங்க?'

'எங்கயும் வைக்கல மாப்ள. கண்ணை உறுத்துச்சு, அழிச்சிட்டேன்.'

'அந்தக் கம்பி வழியாத்தான உங்க கம்ப்யூட்டருக்கே கரண்டு வருது.'

'உனக்குக் கலைன்னா என்னன்னு தெரியாது' என்றார். அது உண்மைதான், ஒத்துக்கொண்டேன். ஆனால் பிர்ச் மரம் தெரியும். படத்தில் பிர்ச் இலைகள் செக்கச்செவேல் என்று இருந்தன. நம் ஊரில் பிர்ச் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு விழும். சிவப்பது தரையில் இருக்கிற புளூபெர்ரிச் செடி. அதைச் சொன்னேன். 'மஞ்சள் எல்லாரும் எடுக்கறாங்க' என்றார். அடுத்த படத்தில் ஏரி இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது. அதற்கடுத்ததில் எங்கள் உரக்குழியைக் காணோம், அந்த இடத்தில் மூடுபனி. குன்வோருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போய் வரவேற்பறையில் மாட்டினாள். வரவேற்பறையில் தொங்குகிற படத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன்.

இந்த வருடக் கதைக்கு வருகிறேன். ஜூன் மாதம் வழக்கம்போல ஆடுகளை மலைக்கு ஓட்டிவிட்டேன். ஜூலையில் கரடி வந்தது. அதைத் தாங்களும் செய்தியாகப் போட்டீர்கள். ஐந்து ஆடுகளின் உடல்களை நானே கண்டெடுத்தேன். வனவிலங்கு ஆய்வாளர் இங்வில்ட் வந்து பார்த்து, கரடிதான் என்று எழுதிக்கொடுத்தார். ஆனால் பயந்து சிதறிய மந்தை பழையபடி கூடவே இல்லை. செப்டம்பரில் இறக்கிக்கொண்டுவரப் போனபோது இன்னும் முப்பதுக்கு மேல் காணவில்லை. மூன்று வாரம் தேடினேன். சதுப்பு நிலமெல்லாம் அலைந்து ஒரு ஜோடி பூட்ஸ் போனதுதான் மிச்சம். அவற்றையும் கரடிக் கணக்கில் எழுதி இழப்பீட்டுக்கு மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். ஆடு போனால் மனசுக்கு எப்படியிருக்கும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குன்வோர் சில ஆடுகளைக் குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தாள். அவற்றில் ஒன்றுக்குத் தன் அம்மாவின் பெயரையே வைத்திருந்தாள். அதுவும் வரவில்லை.

ஆட்டை இறக்குகிற அன்றைக்குத்தான் ஹ்யால்மார் முக்காலி ஸ்டாண்டோடு வந்து பாதையின் நடுவில் நின்றார். தூறல். மலை முழுக்கச் சாம்பல் நிறம். ஆடுகள் அந்த முக்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டன. ஆட்டுக்கு மூன்று கால் உள்ள எதுவும் பிடிக்காது. நாய் பிர்க் சுற்றிச் சுற்றி ஓடிக் களைத்துவிட்டது. ஒருவழியாக அவை நகர ஆரம்பித்து, பாலத்தைத் தாண்டியும் விட்டன. அப்போது மைத்துனர் கையைத் தூக்கி, 'மாப்ள, இன்னொரு தடவை மேல போய்ட்டு வா' என்றார்.

'யாரு, நானா?'

'ஆடுங்களும்தான்.'

நாற்பது வருடமாக ஆடு மேய்க்கிறேன், அம்மையாரே. வீட்டு வாசனை பிடித்துவிட்ட ஆட்டைத் திருப்பி மலைக்கு ஓட்டச் சொன்ன மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். முடியாது என்று சொன்னேன். 'அட்லீஸ்ட் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டையாவது கழட்டு, கலர் அடிபடுது' என்றார். வேட்டைக்காலம் நெருங்கிவிட்டது, ஆரஞ்சு இல்லாவிட்டால் கடமான் என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள், மழை வேறு, நான் கழற்றவில்லை. அந்த ஒரு பிடிவாதத்துக்காக என்னை என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பத்திரிகை வந்த அன்று குன்வோர்தான் தபால்பெட்டியிலிருந்து ஓடிவந்தாள். 'ஓட்வார், அண்ணா முதல் பக்கத்துல வந்துட்டாரு!' மேசைமேல் விரித்தோம். தூறலைக் காணோம். பொன்னாக ஒரு வானம், அதில் ஒரு சூரியன். அந்தச் சூரியன் வடக்குப் பக்கத்து மலை மேல் உட்கார்ந்திருந்தது. நான் பிறந்து வளர்ந்த இடம் இது, செப்டம்பரில் சூரியன் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. பிர்ச் மரங்கள் வழக்கம்போலச் சிவந்திருந்தன. அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. ஆடுகள்தான். மலைச்சரிவின் உச்சியிலிருந்து பாலம் வரைக்கும் இடைவெளி இல்லாமல் ஆடு. பால் ஓடுகிற ஆறு மாதிரி ஆடு. கோடையில் நான் மேலே அனுப்பியதைவிடவே அதிகம்.

முதலில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, காணாமல் போனதெல்லாம் வந்துவிட்டதோ என்று ஒரு நிமிடம் எழுந்தே நின்றுவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், முன்வரிசையில் காது கிழிந்த ஒரு ஆடு. அதை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் வரிசையிலும் அதே காது கிழிந்திருந்தது. பாறைக்குப் பக்கத்தில் அதே ஆடு, இந்தத் தடவை திரும்பி நின்றது. மேலே போகப் போக அதே ஆடு சின்னதாகிக்கொண்டே போனது. குன்வோர் படத்தின் மேல் விரலை ஓட்டித் தேடிவிட்டு, 'நீ எங்க?' என்று கேட்டாள்.

நான் இல்லை. நான் நின்ற இடத்தில் ஒரு ஆடு நிற்கிறது. காது கிழிந்ததுதான். பிர்க் அதன் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, என்ன செய்யட்டும் என்று உத்தரவுக்காகக் காத்திருக்கிறது. இதழ் தங்களிடம் இருக்கும். எடுத்துப் பார்க்கவும். அந்த ஆட்டின் முதுகுக்குப் பின்னால் என் கைத்தடி மட்டும் தனியாக நேராக நின்றுகொண்டிருப்பதும் தெரியும்.

சிரிக்கலாம், நானும் முதல் நாள் சிரித்தேன். மறுநாள் கூட்டுறவுக் கடைக்கு ஆணி வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த பெடெர், 'என்ன ஓட்வார், கரடி திருப்பிக் குடுத்துருச்சா?' என்றான். பின்னால் வரிசையில் நின்றவர், 'வட்டியோட குடுத்துருக்கு போல' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் விளக்கப் பார்த்தேன். 'அது எல்லாமே ஒரே ஆடு' என்றேன். அதற்கு அதிகமாகச் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க ரோட்டில் போகிறவர்கள் காரை மெதுவாக்கி எங்கள் கொட்டிலையே பார்த்துக்கொண்டு போனார்கள். எதிர்க்கரைக்காரர்கள், 'ஓட்வார் ஆட்டை ஒளித்துவைத்துவிட்டு அரசாங்கத்தை ஏமாற்றுகிறான்' என்று பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் இதுவரை அப்படிப் பேசியதில்லை.

பிறகு ஆய்வாளர் இங்வில்ட் வந்தார். நல்ல பெண், ஜூலையில் கரடி கொன்ற ஆட்டைப் பார்த்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன். குன்வோர் வாஃபிளும் பழுப்புச் சீஸும் வைத்தாள். அவர் ஒரு வாஃபிளைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, பைக்குள்ளிருந்து தங்கள் முதல் பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

'இது இந்த வருஷம் எடுத்ததுங்களா?'

'ஆமா.'

'உங்க ஆடுங்கதானா?'

'கொஞ்சம்.'

'மீதி?'

நான் குன்வோரைப் பார்த்தேன். அவள் காப்பிக் கெட்டிலோடு நின்றிருந்தாள். அண்ணனுக்குக் கிடைத்த பரிசைப் பற்றி அவள் முந்தின நாள்தான் ஊரிலுள்ள சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். 'மீதி இல்லைங்க' என்றேன்.

'இல்லைன்னா? வித்துட்டீங்களா?'

'வித்தா வாங்கினவன் இருப்பானே. அதுங்க எப்பவுமே இல்ல.'

அவர் என்னை ஜாக்கிரதையாகப் பார்த்தார். கொட்டிலுக்குப் போய் எண்ணினோம். நான் சொன்ன கணக்கு சரியாக இருந்தது. அதுதான் தொந்தரவாகிப்போனது. 'இங்க கம்மியா இருக்கு, படத்துல அதிகமா இருக்கு. அப்ப மிச்சம் எங்கங்க ஓட்வார்?' என்று மெதுவாக, டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டார். இல்லாத ஆட்டைக் காட்டு என்றால் நான் எங்கே போவேன்? காட்ட முடியாததால் ஒளித்துவைத்திருக்கிறேன் என்று ஆகிறது. விண்ணப்பத்தை நிறுத்திவைத்திருப்பதாகவும், விசாரணை முடியும் வரை ஆடு எதையும் அறுக்கவோ விற்கவோ கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே ஹ்யால்மார் வீட்டுக்குப் போனேன். 'மச்சான், அசல் படத்தக் குடுங்க' என்றேன். கணினித் திரையைத் துடைத்துக்கொண்டே, 'எதுக்கு?' என்றார். சொன்னேன். 'அழிச்சிட்டேன், இடம் அடைச்சிக்கிச்சு' என்றார். பொய் சொல்லும்போது அவர் மேல்கூரையைப் பார்ப்பார். அதைச் சொன்னதும் சண்டை வந்தது. நான் அவரை ஆட்டுத் திருடன் என்றேன். அவர், 'திருடன் எடுப்பான், நான் குடுத்திருக்கேன்' என்றார். 'என்னை எதுக்கு அழிச்சீங்க?' என்று கேட்டேன். 'கழட்டச் சொன்னேன்ல?' என்றார். கதவை நான்தான் ஓங்கி அடித்துவிட்டு வந்தேன், அது எனக்கே பிடிக்கவில்லை.

செப்டம்பர் கடைசி வியாழக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேகவைப்பது வழக்கம். ஹ்யால்மார் ஒரு வருடமும் தவறியதில்லை. இந்தத் தடவை வாரம் தள்ளிப்போனது, ஆனாலும் குன்வோர் கூப்பிட்டாள், அவரும் வந்தார். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குன்வோர் ஆளுக்கு ஒரே ஒரு கறித்துண்டு வைத்தாள், மீதியெல்லாம் முட்டைக்கோஸ். ஹ்யால்மார் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினார்.

'அவ்வளவுதான் அண்ணா.'

'என்னம்மா, ஒரு துண்டா?'

'ஆட்ட அறுக்கக் கூடாதுன்னு ஆர்டர். போன வருஷத்துக் கறி ஃப்ரீசர்ல கொஞ்சம் கிடந்துச்சு. உங்களுக்கு இன்னும் வேணும்னா அந்தத் துண்டையே காப்பி பண்ணிக்கங்க. உங்களுக்குத் தெரியாததா?'

ஹ்யால்மார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். 'இந்தப் பள்ளத்தாக்குல என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் தாண்டிப் போற ஆளுங்கதான் அதிகம். தப்பு சொல்லல. நான்தான் ஃபெயில் பண்ணேன். ஆனா அந்தப் படம் வந்த வாரம் மூணு பேரு கடைல என் கையப் புடிச்சிக் குலுக்கினாங்க. அதுல ஒருத்தன நான் நாலு தடவை ஃபெயில் பண்ணியிருக்கேன். அழகா இருக்கு ஹ்யால்மார்னு சொன்னான்.' அப்புறம், 'தூறல்ல சாம்பல் கலர்ல கொஞ்சம் ஆடு வர்றத எவன் பாப்பான்?' என்றார்.

குன்வோர் எழுந்து போய்ப் பானையிலிருந்து இன்னொரு துண்டைக் கொண்டுவந்து அவர் தட்டில் வைத்தாள். இருந்திருக்கிறது. எனக்கு வைக்கவில்லை என்பதையும் குறிப்பிடுகிறேன். 'நாளைக்கு இங்வில்ட்கிட்ட அசலக் கொண்டுபோய்க் காட்டுங்க அண்ணா. பரிசு போனா போகட்டும்' என்றாள். அவர் சரி என்றார். அழித்துவிட்டேன் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சொன்னபடி மறுநாள் போனார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். தம்முடைய பச்சைக் காரில், வேக எல்லைக்குப் பத்துக் குறைவாகவே ஓட்டினார், நானும் கூடப் போனேன். கைபேசியில் அசல் படத்தைக் காட்டி, முழுக்க முழுக்கத் தாம்தான் ஆட்டைச் சேர்த்ததாகவும், சூரியனைப் போன வருட விடுமுறையில் கடற்கரையில் எடுத்த படத்திலிருந்து கொண்டுவந்ததாகவும் சொன்னார். அசலில் சாம்பல் வானம், கம்பம், கம்பி, கொஞ்சம் ஆடு, ஆரஞ்சு ஜாக்கெட்டில் நான். முகம் சுளித்தபடி இருக்கிறேன். இங்வில்ட் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மைத்துனரிடம், 'ஆட்டச் சேக்க முடியும்னா, எடுக்கவும் முடியும் இல்லையாங்க?' என்று கேட்டார்.

'முடியும்' என்றார் ஹ்யால்மார். வேலை விஷயத்தில் அவர் பொய் சொல்ல மாட்டார்.

'சூரியன எடுத்துட்டு மேகத்தப் போட முடியுமா?'

'அது இன்னும் ஈஸி.'

'கரண்டு கம்பம் வரைய முடியுமா?'

'ம்.'

'அப்ப இது ரெண்டுல எது முதல்ல எடுத்ததுன்னு நான் எப்படி நம்பறது? நீங்க இவருக்கு மச்சான் வேற.'

நாங்கள் இருவரும் திரும்பி வந்தோம். வழியில் ஹ்யால்மார், 'நல்ல கேள்விதான் கேக்கறா' என்றார். இன்றைய நிலவரம் இதுதான்: இல்லாத ஆடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், இருக்கிற என்னை யாரும் பார்க்கவில்லை, உண்மையான படம் போலியாகவும் போலிப் படம் உண்மையாகவும் ஆகிவிட்டன. இந்தப் பள்ளத்தாக்கில் தங்கள் பத்திரிகையில் வந்தால்தான் மக்கள் நம்புகிறார்கள். ஆகவே தாங்கள் தயவுசெய்து அடுத்த இதழில், முதல் பக்கத்திலேயே, அசல் படத்தைப் பெரிதாகப் போட்டு, முன்பு வந்த படத்தில் இருந்த ஆடுகளில் பெரும்பாலானவை ஒரே ஆடு என்றும், ஓட்வார் ஸ்லெட்டமோ எந்த ஆட்டையும் ஒளித்துவைக்கவில்லை என்றும், கரடி எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஹ்யால்மார் சம்மதித்துவிட்டார். பரிசாகக் கொடுத்த தெர்மாஸ் குடுவையைத் திருப்பித் தரவும் தயாராக இருக்கிறார், ஒரே ஒரு தடவைதான் காப்பி ஊற்றினாராம். ஒரே ஒரு வேண்டுகோள்: அவரைப் பற்றி எழுதும்போது 'ஏமாற்றினார்' என்று போட வேண்டாம். 'கொஞ்சம் அதிகமாகத் திருத்திவிட்டார்' என்று போட்டால் போதும். கடையில் கைகுலுக்கிய அந்த மூன்று பேர் தொடர்ந்து குலுக்கினால் எங்கள் வீட்டுக்கும் நல்லது. அசலை ஹ்யால்மார் பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளேன்.

தங்கள் கணவரின் முழங்கால் முதல் பனிக்கு முன்பாக நேராகட்டும். தங்கள் வீட்டு விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும். அச்சகத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் குன்வோர் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

என்றும் தங்கள் சந்தாதாரர்,
ஓட்வார் ஸ்லெட்டமோ

பின்குறிப்பு (அக்டோபர் 16): மேலே எழுதியதில் எதையும் தயவுசெய்து போட வேண்டாம்.

கடிதத்தை உறையில் போடுவதற்காகக் குன்வோர் அந்தப் பெரிய அச்சை மடிக்கப் போனாள். மேல் மூலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முகட்டில், வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் துடைத்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அதற்கும் போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, 'ஓட்வார், தூசிக்குக் கால் உண்டா?' என்று கேட்டாள். ஹ்யால்மாருக்குப் போன் போட்டோம். 'ஆமா, அந்தப் புள்ளியெல்லாம் பாத்தேன். லென்ஸ்ல அழுக்குன்னு நெனைச்சு முதல் வேலையா அதத்தான் அழிச்சேன்' என்றார்.

நேற்று விடிந்ததும் மூன்று பேரும் போனோம். கரடி துரத்தியதில் ஆற்றைத் தாண்டியிருக்கின்றன, பிறகு தண்ணீர் ஏறியதும் திரும்ப வழி தெரியவில்லை. முகட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில், நல்ல புல்லில், கொழுத்துப்போய் நின்றுகொண்டிருந்தன. இரண்டைத் தவிர எல்லாம் இருந்தன. குன்வோரின் அம்மா பெயரை வைத்த ஆடும் இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அதுதான் முதலில் வந்தது. குன்வோர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குள் ஹ்யால்மார் முக்காலியை விரித்துவிட்டார். நான் ஆரஞ்சு ஜாக்கெட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

இங்வில்டிடம் விண்ணப்பத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். கொட்டிலில் வந்து எண்ணினார். கூடியிருந்தது. நான் அவற்றை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தேன் என்று மறுபடியும் கேட்டார், ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டார். பெடெர் கடையில் என்ன சொல்வான் என்பதை நினைத்துப் பார்க்கக் கூடத் துணிவில்லை, ஆகவே விஷயத்தை இப்படியே விட்டுவிடுவோம்.

பக்கம் காலியாக இருந்தால் இத்துடன் வைத்திருக்கும் நேற்றைய படத்தைப் போடலாம். முகட்டில் முதல் பனி, மஞ்சளாகவே பிர்ச் மரங்கள், கரண்டுக் கம்பம், ஆடுகள், நடுவில் ஆரஞ்சு ஜாக்கெட்டில் நான். இதில் எதையும் தொடவில்லை என்று ஹ்யால்மார் சத்தியம் செய்கிறார். வழக்கத்தைவிட நான் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிகிறேன். அதைப் பற்றி நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.